நடுங்கும் டிராக்டரும் மூடாத இணைப்பும்

இதை எழுத உட்காரும்போதே கை கூசுகிறது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கம்ப்யூட்டர் நிரலைப் பற்றி, அதிலும் பைத்தான் மொழியில் எழுதிய நிரலைப் பற்றி, பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்காவது பிசகாகச் சொல்லியிருந்தால் தெரிந்தவர்கள் மனதுக்குள் திருத்திப் படித்துக்கொள்ளட்டும். எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் அந்த நிரல் என்னைப் படுத்திய பாட்டின் எரிச்சல் இன்னும் தீரவில்லை. வாயால் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்றால், நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எழும்பாது. தாளில் எழுதும்போது யாரும் 'சத்தமாச் சொல்லும்மா' என்று சொல்ல மாட்டார்கள்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் உள்ள ஓர் எடை மேடையில் எனக்கு வேலை. வண்டி ஏறி நிற்கிற இரும்பு மேடை வெளியே இருக்கிறது. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் நானும் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறோம். மேடையின் எடையைச் சிவப்பு எண்ணாகக் காட்டும் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் வரும், எடை போடுவேன். பக்கத்துக் கிட்டங்கியில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வரும். மறுபடியும் எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். வேலை இவ்வளவுதான்.

முன்பெல்லாம் சிவப்பு எண்ணைப் பார்த்து நானே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. எடை மேடை முதலாளிக்குத்தான் (அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம், நானும் அப்படியே சொல்கிறேன்) பெட்டியும் கம்ப்யூட்டரும் தாங்களாகவே பேசிக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. அவருடைய மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் நடுவில், கையில் மோதிரமும் நெற்றியில் சந்தனமுமாக அந்தத் தம்பி இந்த நிரலை எழுதினார். அண்ணாச்சி வீட்டிலிருந்து இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். அப்படி எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

நிரல் செய்கிற காரியம் சிறியது. நான் பொத்தானைத் தட்டியதும் அது பெட்டிக்கு ஓர் இணைப்பைத் திறக்கும். அந்த இணைப்புக்குச் சாக்கெட் என்று பெயர். அதன் வழியாக 'எடை என்ன?' என்று கேட்கும், பெட்டி சொல்வதை வாங்கிக்கொள்ளும், எண்ணாக மாற்றித் திரையில் போடும், கடைசியில் இணைப்பை மூடும். எங்கள் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே நேரத்தில் ஓர் இணைப்புக்குத்தான் அது இடம் கொடுக்கும். முதலில் வந்தது போனால்தான் அடுத்தது.

இதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றே ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரையில் 'எடை படிக்க முடியவில்லை' என்று சிவப்புக் கட்டம் வரும். சரி என்று மறுபடி தட்டினால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வரும். அதற்கப்புறம் எத்தனை தடவை தட்டினாலும் அதேதான். நிரலின் ஜன்னலை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்பதைக் கண்டுபிடித்தேன். ஆனால் மூடினால், கிட்டங்கியில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிற வண்டிகளின் முதல் எடை எல்லாம் போய்விடும். முதல் எடை போனால் சோளம் விளைவித்த சம்சாரிகள் என்னைச் சும்மா விடுவார்களா?

முன்பு மாதிரிக் கையால் எண்ணைத் தட்ட இந்த நிரலில் இடமே இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி: சுவர்ப் பெட்டியை அணைத்துப் போடுவது. அதற்கும் ஒரு கேடு. பெட்டி உயிர் பெறும்போது மேடை காலியாக இருக்க வேண்டும். ஏதாவது நின்றால் அந்த எடையையே சுழி, அதாவது பூஜ்யம், என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மேடையில் நிற்கும் டிராக்டர் பின்னால் இறங்க வேண்டும். அது இறங்க அதற்குப் பின்னால் நிற்பது நகர வேண்டும், அதற்கு அதன் பின்னால் நிற்பது. டிரெய்லரோடு பின்னால் போவது லேசான வேலையா? கண்ணாடிக்கு வெளியே வசவு கேட்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் சுவிட்சைப் பிடித்து நிற்பேன்.

அண்ணாச்சியிடம் சொன்னால், "மாப்ள எழுதினது, அதுல எப்படிம்மா தப்பு வரும்? நீ எங்கனயாச்சும் மாத்தித் தட்டியிருப்ப" என்பார். அந்தத் தம்பியிடம் அவர் கேட்கவும் மாட்டார். மாப்பிள்ளையிடம் குறை சொல்வது மரியாதை இல்லையாம். மரியாதைக்கு அவர், வசவுக்கு நான்.

தை மாதக் கடைசியில் மக்காச்சோளம் வந்து குவிகிற நேரம் அது. மேற்கே மூட்டமாக இருந்தது. காலத்தில் பெய்யாத மழை கதிர் ஒடித்த பிறகு வந்து நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. தார்ப்பாய் போடாத டிரெய்லர்கள் சாலை வரைக்கும் நின்றன. அன்றைக்குக் காலையிலேயே பெட்டி இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை எல்லா வண்டியும் பின்னால் போனபோது, சரக்கெல்லாம் வாங்குகிற வியாபாரி தன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வந்தார். எங்கள் மேடைக்கு வருகிற வண்டியில் பெரும்பங்கு அவருடையதுதான்.

"அண்ணாச்சி, இது எட மேடையா, தேரோட்டமா? முன்னால இழு, பின்னால தள்ளுன்னு காலைலருந்து ஒரே கூத்தா இருக்கு."

"மிசினு கொஞ்சம் மக்கர் பண்ணுது. சரியாயிரும்."

"போன வாரமும் இதத்தான் சொன்னிய. மழ வந்து சரக்கு நனைஞ்சா நான் எங்கன போயி முட்டிக்கிட? நாளைக்கும் இதே கதைன்னா நான் பைபாஸ் பக்கம் இருக்க மேடைக்குப் போயிருதேன். பெறகு என்னக் கோவிச்சுக்கிடப்பிடாது."

அவர் போனதும் அண்ணாச்சி என் அறை வாசலில் வந்து நின்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அவரு லோடு போச்சின்னா இதத் தொறந்து வச்சி என்னத்துக்கும்மா? பூட்டிட்டு நீயும் போ, நானும் போறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வேலையே என் வீட்டுக்காரருடைய தங்கச்சி கேட்டு வாங்கிக் கொடுத்தது. இது போனால் இன்னொரு வாசலில் போய் நின்று 'வேலை இருக்கா' என்று நானே கேட்க வேண்டும். அதைவிட, இதுவரை பேசியே பழகாத ஒருவருக்குப் போன் போடுவது கொஞ்சம் லேசு என்று தோன்றியது. சிட்டையில் ஒட்டியிருந்த அந்தத் தம்பியின் நம்பரைத் தட்டினேன்.

"இங்க எனக்கு நல்லா ஓடுதேக்கா" என்றுதான் முதலில் சொன்னார்.

ஓடாமல் என்ன செய்யும்? அவர் வீட்டில் எடை மேடையா இருக்கிறது? பெட்டி மாதிரி நடிக்கிற இன்னொரு நிரலை எழுதி வைத்து அதனோடு பேச விட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பொய்ப் பெட்டி கேட்ட உடனே ஒழுங்காக எண்ணைச் சொல்லும். அதற்கு டிராக்டர் என்றால் என்னவென்று தெரியாது.

"லாரி ஏறினா ஒண்ணும் ஆகலை தம்பி" என்றேன். "டிராக்டரு ஏறினாத்தான் வருது. அதும் எல்லாத்துக்கும் இல்ல. இன்ஜின அமத்தாம நிக்கிறவுகளுக்கு."

"ஏன் அமத்த மாட்டேங்குறாங்க?"

எங்கள் பக்கத்து டிராக்டர்களில் பாதிக்கு மேல் பேட்டரி செத்துப்போனவை. காலையில் ஊரில் நாலு பேர் சேர்ந்து தள்ளி உயிர் கொடுத்தால், சாயங்காலம் வீடு திரும்பும் வரை அணைக்க மாட்டார்கள். 'இன்ஜினை அணைக்கவும்' என்று மேடையின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறோம். அதன் மேல் சாய்ந்து நின்றுதான் பீடி குடிக்கிறார்கள். அன்றைக்குக் காலையில்கூட நாகலாபுரம் பக்கத்து டிரைவர் ஒருவரிடம், நரைத்த மீசைக்காரர், கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"அமத்தச் சொன்னா அமத்திருதேன் யக்கா" என்றார் அவர். "பெறகு தள்ளுததுக்கு ஆளு? அண்ணாச்சி ஒரு சக்கரம், யாவாரி ஒரு சக்கரம். நீங்க உள்ள உக்காந்து கை தட்டுங்க."

இதை நான் சொன்னதும் சென்னைத் தம்பி சிரித்தார். பிறகு, "இன்ஜின் ஓடினா மேடை நடுங்கும். நடுங்கினா பெட்டியில என்ன காட்டும்க்கா?" என்று கேட்டார்.

"நம்பரு வராது. வரிசையாக் கோடு வரும்."

"அதான்" என்றார். "கோட்டை எண்ணா மாத்தப் பாத்து நிரல் அங்கயே தெறிச்சு வெளிய ஓடிருது. இணைப்ப மூடுற வரி அதுக்குக் கீழ இருக்கு. அங்க போகவே இல்ல. திறந்தது திறந்தபடி கிடக்கு. பெட்டி இன்னும் பழைய ஆளோடதான் பேசிட்டிருக்கோம்னு நினைக்கும். உங்களை உள்ள பூர விடாது."

இது புரிவதற்கு எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. மேடையில் எடை போட வந்தவன் நம்பர் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு வண்டியை மேடையிலேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் அடுத்தவன் எப்படி ஏறுவான்? அப்படியும் ஒரு ஆள் செய்திருக்கிறார்.

"இதுக்கு என்ன செய்யணும் தம்பி?"

"திறக்கிற வரியிலயே 'வித்'துன்னு ஒரு சொல் போடணும்க்கா. அதுக்குக் கீழ கொஞ்சம் உள்ள தள்ளி எழுதுறது எல்லாம் அதோட பொறுப்பு. அந்த வேலை முடிஞ்சு வெளிய வரும்போது இணைப்ப அதுவே மூடிரும். நல்லபடியா முடிஞ்சாலும் மூடும், நடுவுல தப்பாகித் தெறிச்சாலும் மூடும்."

"தப்பானாலும் மூடுமா?"

"எப்படி வெளிய போனாலும் மூடிட்டுத்தான் போகும்."

இத்தனை வசவு, இத்தனை தடவை பின்னால் போன வண்டி, எல்லாம் ஒரு சொல்லுக்காகவா? சாதாரணமாக நான் கேட்டிருக்க மாட்டேன். அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அப்பம் மொதல்லயே அப்படி எழுதியிருக்கலாம்லா தம்பி?"

"எழுதியிருக்கணும்க்கா. மாமா பக்கத்துல நின்னு 'ஆச்சா மாப்ள, ஆச்சா மாப்ள'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. எல போட்டுட்டு வேற கூப்பிடுதாவ. ஓடிச்சு, எந்திரிச்சிட்டேன்."

கோபப்பட முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்தே அவர் திருத்தலாமே என்றால், எங்கள் அறைக்கு இண்டர்நெட் கிடையாது. கைப்பேசியில் சிக்னல் கோடுகூடச் சுவர் ஓரமாக நின்றால்தான் இருக்கும். நான்தான் தட்ட வேண்டும், அவர் சொல்ல வேண்டும். கிட்டங்கியில் இருந்த வண்டிகள் எல்லாம் காலியாகி வந்து சீட்டு வாங்கிப் போகும் வரை காத்திருந்தேன். அப்போதுதான் நிரலை மூட முடியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் இடைவெளி கிடைத்தது. வரிசையில் புதிதாக நின்றவர் அதே மீசைக்காரர்தான்; இரண்டாவது லோடோடு வந்திருந்தார்.

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். "டபிள்யூ, ஐ, டி, எச். எல்லாம் சின்ன எழுத்து. அப்புறம் ஓர் இடம் விடுங்க. கடைசில கோலன்."

"கோலன்னா?"

"மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி."

போட்டேன். "இனி அதுக்குக் கீழ நாலு இடம் உள்ள தள்ளி..." என்பதோடு கைப்பேசியில் கோடு போய்விட்டது. சுவர் ஓரம் போனேன், வெளியே போனேன், மேடை மேல் ஏறியும் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி மட்டும் வந்தது.

வாசலில் மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். "யக்கா, மேற்க கருக்குது. ஏத்தவா, வேண்டாமா?"

அதற்குக் கீழே நாலு இடம் என்றால் அதற்குக் கீழ்வரியைத்தானே என்று நினைத்து, அடுத்த வரி ஒன்றை மட்டும் உள்ளே தள்ளினேன். நிரலைத் திறந்தேன். வண்டி ஏறியது.

"இன்ஜின அமத்தாதீக" என்றேன்.

"என்னது?"

"அமத்த வேண்டாம். நல்லா ஓடட்டும்."

"இந்த மேடையில அமத்தாதன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் யக்கா" என்று சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். கண்ணாடி அதிர்ந்தது.

பொத்தானைத் தட்டினேன். சிவப்புக் கட்டம் வந்தது. வரட்டும், அது எதிர்பார்த்ததுதான். அவரை மிதியைக் குறைக்கச் சொல்லி, சுவரில் எண் ஒழுங்காக நின்ற பிறகு மறுபடி தட்டினேன். மறுபடி சிவப்புக் கட்டம். எண் நின்ற பிறகும் வந்தது. முன்பாவது லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருந்தது. இப்போது யாருக்கும் போடாது. உள்ளதையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுதினவருக்கு மீட்டிங், மாமாவுக்குச் சாப்பாடு, டிரைவருக்குக் கேலி. என் தலையில் மட்டும் பைத்தான்.

"என்ன யக்கா, படுத்திட்டா?" என்றார் மீசைக்காரர்.

"கொஞ்சம் பேசாம நில்லுங்க" என்றேன். என் வாயிலிருந்து அப்படி வந்தது எனக்கே ஆச்சரியம். அவர் உண்மையிலேயே பேசாமல் நின்றார்.

கைப்பேசியில் கோடு வந்து மணி அடித்தது. அந்தத் தம்பி மீட்டிங்குக்கு வெளியே வந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரலில், "நீங்க எழுதினத அப்படியே மேலருந்து படிங்கக்கா. எது உள்ள தள்ளி இருக்கு, எது வெளிய இருக்குன்னும் சொல்லுங்க" என்றார்.

படித்தேன். திறக்கிற வரி வெளியே. எடை கேட்கிற வரி உள்ளே. பதில் வாங்குகிற வரி வெளியே. அதைச் சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. வித் தன் பொறுப்பில் இருந்த ஒரே வரியை முடித்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் கதவை மூடியிருக்கிறது. 'எடை என்ன?' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மூடிவிட்டு, மூடிய கதவில் போய்ப் பதில் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

"பதில் வாங்குததும் உள்ள வரணுமா தம்பி?"

"ஆமாக்கா, வாங்குறது, எண்ணா மாத்துறது எல்லாமே. அந்த இணைப்பு எதுவரைக்கும் வேணுமோ அதுவரைக்கும் உள்ள. பழைய மூடுற வரி இனி வேண்டாம், அழிச்சிருங்க. நான் முழுசாச் சொல்றதுக்குள்ள போன் போயிருச்சு."

ஒவ்வொரு வரியாக நாலு இடம் தள்ளினேன். ஒன்று மூன்றாகப் போய்விட்டது. நிரல் அதற்கும் கோபித்துக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. வரி ஒரு கை விரல் நுனி அளவு முன்னே பின்னே இருந்தால் பேச மாட்டேன் என்கிற மொழியை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. எண்ணி எண்ணிச் சரிசெய்தேன். வெளியே மீசைக்காரர் தார்ப்பாயை விரித்துக் கட்ட ஆரம்பித்திருந்தார்.

"இப்பம் மிதிங்க" என்றேன்.

மிதித்தார். சுவரில் கோடுகள். தட்டினேன். 'எடை படிக்க முடியவில்லை.' காலை எடுக்கச் சொன்னேன். கோடுகள் போய் எண் வந்தது, ஆடியது, நின்றது. தட்டினேன்.

திரையில் எடை வந்தது. சுவரில் இருந்த அதே எண். பெட்டியை அணைக்கவில்லை, வண்டி பின்னால் போகவில்லை, ஜன்னலை மூடவில்லை.

நம்பிக்கை இல்லாமல் அவரை மறுபடி மிதிக்கச் சொன்னேன். மறுபடி சிவப்புக் கட்டம், மறுபடி எடை. அதற்கப்புறம் இன்னொரு தடவையும்.

"யக்கா, டீசல் யாரு தலையில?" என்றார் அவர்.

"போங்க, ஆச்சு" என்றேன்.

"என்ன ஆச்சு?"

எப்படிச் சொல்வது? தப்பு நடக்காமல் போகவில்லை. அவர் டிராக்டர் நடுங்குகிற வரைக்கும் தப்பு வந்துகொண்டேதான் இருக்கும். வந்தால் வந்த இடத்தை மூடிவிட்டுப் போகும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் 'அப்பம் என்ன சரி பண்ணுனிய?' என்று கேட்பார். "மிசினு சரியாயிட்டு" என்று மட்டும் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டதும், "நாந்தான் சொன்னேன்லா, மாப்ளைக்கு ஒரு போனு போட்டா முடிஞ்சி போகும்னு" என்றார். அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. உடனே மருமகனுக்குப் போன் போட்டு, சாப்பிட்டீகளா, பிள்ளை சாப்பிட்டாளா என்று விசாரித்தார். எடை மேடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது மரியாதைக் குறைவு ஆகிவிடுமே.

சாயங்காலம் நிரலைத் திறந்து அந்த வரியை ஒருமுறை பார்த்தேன். நாலே எழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் குறையவில்லை. இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு என்னை இவ்வளவு பாடு படுத்தியிருக்கிறது.

மறுநாள் வியாபாரியின் வண்டிகள் எல்லாம் எங்கள் மேடையில்தான் எடை போட்டன. சிவப்புக் கட்டம் இடையிடையே வந்தது. ஒரு வண்டியும் பின்னால் இறங்கவில்லை. வியாபாரி மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே சீட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். நான் வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.